போகியில் தொடங்கி மாட்டுப் பொங்கலில் முடியும் கணக்கு

கேள்வி: அக்கா, நான் பிரிட்டிஷ் குடிமகன். ஹாரோவில் இருக்கிறோம். என் மனைவிக்கு 2021 ஜனவரி 20 முதல் 33 மாத ஸ்பவுஸ் விசா கிடைத்தது. பிப்ரவரி 11 அன்று ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். 2023 ஆவணியில் மச்சினிச்சி கல்யாணம். புது விசா கையில் இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாமே என்று ஏப்ரலிலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். ஜூன் 19 அன்று கிடைத்தும் விட்டது. இப்போது அவளுடைய இணையக் கணக்கில் விசா முடியும் நாள் 2026 ஜனவரி 16 என்று காட்டுகிறது. அவள் வந்து ஐந்து வருஷம் முடிவதோ பிப்ரவரி 11. 26 நாள் இடிக்கிறது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் கேட்டோம். "இன்னொரு முறை நீட்டித்துவிட்டுப் பிறகு பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) போடுங்கள்" என்கிறார்கள். வேறு வழியே இல்லையா? கார்டில் வேறு 31.12.2024 என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: தம்பி, முதலில் அந்தக் கார்டை எடுத்து டிராயருக்குள் போடுங்கள். பி.ஆர்.பி. என்ற அந்தப் பழைய விசா அடையாள அட்டை முறையையே 2024 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் அதற்குப் பிறகும் ஓடும் விசாக்களுக்குக்கூட கார்டில் 31.12.2024 என்றே அச்சடித்தார்கள். உங்கள் மனைவியின் விசா எப்போது முடிகிறது என்பதை இ-விசா கணக்குதான் சொல்லும். அது ஜனவரி 16.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்பவுஸ் விசாவில் பி.ஆர். வாங்க 60 மாதம் வேண்டும். அந்த 60 மாதம் விசா தொடங்கிய நாளிலிருந்து ஓடாது. அவர் இங்கே காலடி வைத்த நாளிலிருந்து ஓடும். வேலை விசாக்காரர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஸ்டிக்கர் மேல் குத்திய முத்திரையைப் பாருங்கள். 11 பிப்ரவரி 2021 என்று இருந்தால் ஐந்து வருஷம் 11 பிப்ரவரி 2026. இதுவரை நீங்கள் போட்ட கணக்கு சரி.

நீங்கள் விட்டது ஒன்றுதான். ஐந்து வருஷம் முடிகிற நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு 28 நாள் முன்பிருந்தே பி.ஆர். விண்ணப்பம் போடலாம். பிப்ரவரி 11-லிருந்து 28 நாள் பின்னால் எண்ணுங்கள்; ஜனவரி 14 வரும். விசா முடிவது ஜனவரி 16. ஆக 14, 15, 16 என்று மூன்று நாள் உங்களுக்கு இருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன், போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல்!

அந்த மூன்றில் எதை எடுப்பது? நான் 15-ஐச் சொல்வேன். 14 அன்று போட்டால் "28 நாளில் முதல் நாளைச் சேர்த்தா, விட்டா" என்று யாராவது விரல்விட்டு எண்ணி ஒரு நாள் முந்திவிட்டது என்பார்கள். தேதி வரும் முன்பே போட்டு நிராகரித்தால் பணம் திரும்பாது. 16 அன்று போட்டால் பேங்க் கார்டை மறுப்பதும், இணையதளம் சுற்றிக்கொண்டே இருப்பதும் அன்றைக்கென்றுதான் நடக்கும். 15 காலையில் பொங்கல் வைத்துவிட்டு உட்காருங்கள். படிவத்தை முந்தின வாரமே நிரப்பிச் சேமித்து வைத்துவிடலாம். அன்றைக்குப் பணம் கட்டி அனுப்புவது மட்டும்தான் வேலை. விண்ணப்பத் தேதி என்பது இணையத்தில் பணம் கட்டி அனுப்பிய நாள். கைரேகை கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் பிப்ரவரியில் கிடைத்தாலும் பாதகமில்லை.

"16-ஆம் தேதிக்குப் பிறகு முடிவு வரும்வரை அவள் கள்ளத்தனமாக இருப்பவள் ஆகிவிடுவாளா?" என்று உங்கள் அடுத்த கடிதம் வரும். ஆகமாட்டார். விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், 1971-ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டம் 3சி பிரிவின்படி பழைய விசா அதே நிபந்தனைகளோடு முடிவு வரும்வரை நீளும். வேலைக்குப் போகலாம், டாக்டரிடம் போகலாம். 17-ஆம் தேதி போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த ஒரு நாளுக்காக ஏன் தாமதம் என்று காரணம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

நெருக்கடி எங்கே முளைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்து நீட்டிப்புக்குப் போகிறவர்களுக்கு உதவும். முதல் விசா 33 மாதம், நீட்டிப்பு 30 மாதம், கூட்டினால் 63. அறுபதுக்கு மேல் மூன்று மாதம் உபரியாக இருக்கிறது. அதில் உங்கள் மனைவி வந்து இறங்கவே 22 நாள் போனது. மீதியை நீட்டிப்பில் கரைத்தீர்கள். நீட்டிப்பு 30 மாதம் முடிவு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். பழைய விசாவில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதிகபட்சம் 28 நாளைத்தான் சேர்ப்பார்கள். உங்களுக்கு 2023 அக்டோபர் 20 வரை விசா இருந்தது. ஜூன் 19-லேயே முடிவு வந்ததால் 123 நாள் மிச்சம், அதில் 28 போக 95 நாள் காற்றோடு போயிற்று. மச்சினிச்சி கல்யாணத்துக்குப் பழைய விசாவிலேயே போய் வந்திருக்கலாம், தம்பி. செப்டம்பர் கடைசியில் நிதானமாகப் போட்டிருந்தால் இன்றைக்கு என்னிடம் கேள்வியே வந்திருக்காது.

அந்த அலுவலகம் சொன்ன வழி தவறு என்று சொல்லமாட்டேன், வீண் செலவு என்பேன். இன்னொரு நீட்டிப்புக்கு 2025 ஏப்ரல் கட்டணப்படி 1,321 பவுண்டு. அதோடு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவைக்கான சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035 வீதம் இரண்டரை வருஷத்துக்கு 2,587.50. மொத்தம் 3,908.50. அதன்பின் பி.ஆருக்கு 3,029 தனியாக. நேரே பி.ஆர். போட்டால் அந்த 3,029 மட்டும்தான், அதில் சர்சார்ஜ் கிடையாது.

எனக்கு உண்மையில் பயம் தேதியில் இல்லை. உங்கள் கடிதத்தில் பரீட்சை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! 'லைஃப் இன் தி யூ.கே.' என்ற நாட்டறிவுத் தேர்வும், பேசுவது கேட்பது இரண்டிலும் பி1 நிலை ஆங்கிலத் தேர்வும் விண்ணப்பிப்பதற்கு முன்பே தேறியிருக்க வேண்டும். நீட்டிப்புக்குக் கொடுத்தது அதற்கு ஒரு படி கீழான ஏ2 என்றால் அது போதாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது 2025 டிசம்பர் முதல் வாரம். நாட்டறிவுத் தேர்வுக்கு 50 பவுண்டு, 24 கேள்வி, 45 நிமிஷம், 18 சரியாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நாள் முன்னால் பதிய வேண்டும். தவறினால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். கிறிஸ்துமஸ் வாரம் நடுவில் கிடக்கிறது. இன்றைக்கே பதியுங்கள்.

பதியும்போது பெயரைப் பாருங்கள், நம்மவர்கள் விழுவது இங்கேதான். ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. கிவன் நேம் இடத்தில் ஒற்றைப் பெயர். தேர்வுக்குப் பதிந்தபோது அந்தக் காலிக் கட்டம் சும்மா இருக்க வேண்டாமே என்று வீட்டுக்காரர் தன் பெயரை அதில் போட்டுவிட்டார். வாசலில் பாஸ்போர்ட்டையும் பதிவையும் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை. கட்டிய பணமும் போயிற்று. ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து.

அடுத்தது, நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு ஆதாரமான கடிதங்கள். கடைசி இரண்டு வருஷத்தில் பரவலாக ஆறு கடிதம், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து. இருவர் பெயரிலும் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் அதே விலாசத்துக்கு ஆளுக்கொன்றாக. நம் வீடுகளில் கவுன்சில் டாக்ஸ், தண்ணீர், கரன்ட் எல்லாம் ஆம்பளை பெயரில். வீட்டுப் பெண்ணின் பெயரில் வருவது பீட்சா விளம்பரம் மட்டும். ஜி.பி. (குடும்ப டாக்டர்) கடிதம், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், அவர் வேலை பார்த்தால் வரித்துறைக் கடிதம் எல்லாம் தேடி எடுங்கள். வருமானத்தைப் பொறுத்தவரை வருஷத்துக்கு 29,000 பவுண்டு வேண்டும் என்று பேப்பரில் படித்துப் பயப்பட வேண்டாம். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பே இந்த வழியில் வந்து அதே துணையோடு தொடர்கிறவர்களுக்குப் பழைய 18,600-தான்.

இத்தனை கறாராகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். நான் வந்த காலத்தில் மனைவிக்கு ஒரே ஒரு வருஷம்தான் சோதனைக் காலம். 2003-இல் இரண்டாக்கினார்கள், 2012 ஜூலையில் ஐந்தாக்கினார்கள். அந்த ஒரு வருஷத்தையும் என் வீட்டுக்காரர் மறந்தார். கடைசி நாள் சாயந்திரம் தபாலாபீஸ் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மழையில், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு நான்தான் ஓடிப்போய் ரெக்கார்டட் டெலிவரியில் அனுப்பினேன். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்து அழிந்துவிட்டது, காகிதம் மட்டும் இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்கு பி.ஆர். விண்ணப்பம் நவம்பரில் போட்டோம், முடிவு வரவில்லை. அவருடைய அப்பாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பத்து நாள் போய்விட்டு வரலாமா?

பதில்: அம்மா, போகலாம், ஆனால் போன உடனே விண்ணப்பம் வாபஸ் வாங்கியதாகக் கணக்கு. அயர்லாந்து, சேனல் தீவுகள், ஐல் ஆஃப் மேன் தாண்டி வெளியே கால் வைத்தாலே அப்படித்தான். பழைய விசாவில் இன்னும் நாள் இருந்தால் அதைக் காட்டித் திரும்பி வந்து, மறுபடி முழுக் கட்டணம் கட்டிப் போட வேண்டும். பழைய விசாவின் தேதி தாண்டிவிட்டது, 3சி பிரிவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால், வெளியே போனதும் திரும்பி வர அவரிடம் எதுவுமே இருக்காது. நீங்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

மாமனார் நிலை எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். தகப்பன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்றால் மூவாயிரம் பவுண்டைப் பார்க்காதே என்றுதான் நான் என் மகனுக்குச் சொல்வேன். ஆனால் விசா தேதி முடிந்திருந்தால், திரும்பி வர அங்கிருந்தே புது விசா எடுக்க வேண்டும், மாதக்கணக்காகும் என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும். கிளம்புமுன் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆலோசகர்களைப் பதிவு செய்யும் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி இணையதளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்த்துவிட்டு. கோயிலில் பார்த்த அண்ணா, கடைக்கார அங்கிள் வேண்டாம்.

இனி போடப்போகிறவர்களுக்கு: ஊரில் வயதானவர்கள் முடியாமல் இருந்தால், விண்ணப்பிக்கும்போதே ஆயிரம் பவுண்டு கூடக் கட்டி சூப்பர் பிரையாரிட்டி எடுத்துவிடுங்கள். கைரேகை கொடுத்த மறு வேலை நாளில் முடிவு சொல்வதுதான் அதன் கணக்கு.

கேள்வி: பி.ஆர். கிடைத்தபின் சிட்டிசன்ஷிப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமா? இந்திய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகன் என்றால் ஒரு வருஷக் காத்திருப்பு இல்லை, மறுநாளே போடலாம், மூன்று வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும், அதில் 270 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது, கடைசி வருஷத்தில் 90. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிக்கொள்ள வேண்டும். ரத்தான பழைய புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள், ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.