கலர் கடலை மிட்டாய் பரிசுப் பெட்டி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

தீபாவளி நெருங்கிவிட்டால் வரும் கேள்விகளில் பாதி இனிப்பைப் பற்றித்தான். இந்த முறை கடையில் பெட்டி வாங்காமல் வீட்டிலேயே கலர் கலராக மிட்டாய் செய்து கொடுக்க நினைப்பவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கம்பக்கம், ஆபீஸ் என்று இருபது பெட்டி கொடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சளில் கடலை மிட்டாய் செய்ய ஆசை. மளிகைக் கடையில் சின்னப் பொட்டலங்களில் கலர் பொடி கிடைத்தது, மலிவுதான். ஆனால் வெல்லப்பாகில் எதைப் போட்டாலும் ஒரே பழுப்பாக வருகிறது. வேறு பிராண்ட் வாங்க வேண்டுமா? (மதுரை)

பதில்: எந்த பிராண்ட் வாங்கினாலும் இதேதான் நடக்கும். வெல்லமே பழுப்பு, அதைக் கொதிக்கவிட்டால் இன்னும் கருக்கும். அதற்குள் பச்சையைப் போட்டால் சேற்று நிறம்தான் வரும். நிறம் தெரியவில்லையே என்று பொடியை அள்ளி அள்ளிப் போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இதற்கு வழி கோவில்பட்டிக்காரர்களிடமே இருக்கிறது. அங்கே மிட்டாய் வெல்ல நிறத்திலேயே இருக்கும், மேலே மட்டும் ரோஸ், பச்சை, மஞ்சள் சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவியிருப்பார்கள். பார்வைக்குத் திருவிழா மாதிரி இருக்கும், நிறம் போடுவதோ கொஞ்சம்தான். வீட்டில் செய்யும்போது பச்சைத் தேங்காய் வேண்டாம், அதன் ஈரத்தில் இரண்டொரு நாளிலேயே ஊசல் வாடை வந்துவிடும். கொப்பரையைத் துருவுங்கள், அல்லது கடையில் விற்கும் உலர்ந்த துருவலை வாங்குங்கள். ஒரு சிட்டிகை நிறத்தைச் சில சொட்டுத் தண்ணீரில் கரைத்து, துருவலில் விட்டுக் கையால் பிசறி, வாணலியில் மிக மெல்லிய தீயில் ஈரம் போகப் புரட்டி ஆறவிடுங்கள். மிட்டாயைத் தேய்த்துப் பரப்பியதும் சூடு இருக்கும்போதே தூவி, பூரிக்கட்டையால் லேசாக ஒரு அழுத்து. ஆறிய பிறகு தூவினால் ஒன்றும் ஒட்டாது, பெட்டியின் அடியில்தான் கிடக்கும்.

மிட்டாயே கண்ணாடி மாதிரி நிறமாக வர வேண்டும் என்றால் வெல்லத்தை விட்டுவிட்டு வெள்ளைச் சர்க்கரைக்கு வாருங்கள். கொதிக்கத் தொடங்கியபின் கிளறாதீர்கள், கிளறினால் பூத்துப்போய் மணல் மணலாகும். 149 டிகிரி செல்சியஸ் தொட்டதும் அடுப்பை அணையுங்கள். இதற்கு மேலே போகப்போகப் பாகு மஞ்சளாகி, 160ஐத் தாண்டினால் கருகும் பக்கம் போய்விடும். கொதி அடங்கியபின் நிறம் போடுங்கள். தண்ணீர் கலந்த நிறத்தைச் சூடான பாகில் விட்டால் வெடித்துத் தெறிக்கும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் பொடிதான் தோது. பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். சிலர் நொறுநொறுப்புக்காகச் சோடா உப்புப் போடுவார்கள். கலர் மிட்டாயில் அது வேண்டாம், குமிழ் குமிழாகி நிறம் மங்கிவிடும். மஞ்சள்தூளால் நிறமேற்றியிருந்தால் இன்னும் வேடிக்கை, சோடா பட்டதும் சிவந்துவிடும்!

அப்புறம் அந்தப் பொட்டலம். பெயரோ முகவரியோ இல்லாத கலர் பொடி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். பரிசோதித்ததில் ரோடமின் பி சிக்கியது, அது துணிக்குச் சாயம் போடுகிற சரக்கு. இந்தியாவில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான்: டார்ட்ரசின் (102), சன்செட் எல்லோ (110), கார்மோய்சின் (122), பான்சோ 4ஆர் (124), எரித்ரோசின் (127), இண்டிகோ கார்மின் (132), பிரில்லியண்ட் ப்ளூ (133), ஃபாஸ்ட் கிரீன் (143). டப்பாவில் இந்தப் பெயரோ எண்ணோ, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணோ, தயாரித்த தேதியோ இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அனுமதித்த நிறத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சமையலறைத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. கத்தி நுனியில் எடுத்து, போதாது என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நிறமே வேண்டாம். பீட்ரூட் சாறு பாகில் விட்டால் சிவக்குமா? (திருச்சி)

பதில்: பாகில் விட்டால் அந்தச் சூட்டில் சிவப்பு செத்துப்போய் மண் நிறமாகும், ஈரமும் சேர்ந்து மிட்டாய் உடையாமல் இழுபடும். மேலே சொன்ன கொப்பரைத் துருவலுக்கு பீட்ரூட் அருமையாகப் பிடிக்கும். வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள், இல்லையென்றால் வெளுத்துவிடும்.

கேள்வி: பாகு பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டுமா? ஆன்லைனில் துப்பாக்கி மாதிரி ஒன்று சலுகையில் இருக்கிறது. (ஊட்டி)

பதில்: அந்தத் துப்பாக்கி பாகின் மேல்பரப்புச் சூட்டை மட்டும்தான் காட்டும். ஆவி வந்தால் அதையும் சேர்த்துக் குழப்பும். வாங்குவதானால் குச்சியைப் பாகுக்குள் விடுகிற டிஜிட்டல் வகையை வாங்குங்கள், 200 டிகிரிக்கு மேல் காட்டுவதாகப் பார்த்து. வீட்டுக்கு வந்ததும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதியுங்கள். சென்னைக்காரர்களுக்கு 100 காட்ட வேண்டும். உங்களுக்குக் காட்டாது, சரக்கு மோசம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் பாகிலும் ஏறக்குறைய 7 டிகிரி கழித்துக்கொண்டு 142ல் இறக்குங்கள்.

வெல்லத்தில் மட்டும் செய்பவர்களுக்குத் தெர்மாமீட்டர் செலவு தேவையே இல்லை. ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். 'டக்'கென்று உடைந்து, கிண்ணத்தில் தட்டினால் கணீரென்று கேட்டால் அதுதான் பதம், உடனே வறுத்துத் தோல் புடைத்த கடலையைக் கொட்டிவிடலாம். இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் சரியாக இருக்கும். கடலை வாங்கும்போது பூஞ்சை பூத்தது, சுருங்கியது, கசப்பது எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.

கேள்வி: சர்க்கரை மிட்டாய்க்கு லிக்விட் குளுக்கோஸ் கேட்டேன், மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் பொடி கொடுத்தார்கள். அதுவே போதுமா? (சேலம்)

பதில்: இரண்டும் ஒன்றில்லை. பொடி தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்கு. நீங்கள் கேட்டது தேன் மாதிரி கெட்டியான சிரப், கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பாகு பூத்துப்போகாமல் இருக்கத்தான் அது. இருபது பெட்டிக்காக ஒரு டப்பா வாங்கி மிச்சத்தை என்ன செய்வது என்று விழிப்பதைவிட, அரைக் கிலோ சர்க்கரைக்கு ஒரு சின்ன ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அதே வேலையைச் செய்யும். கூடுதலாக விட்டால் மிட்டாய் பிசுபிசுக்கும்.

கேள்வி: செய்ய நேரமில்லாமல், ஆன்லைனில் வீட்டுத் தயாரிப்பு என்று போட்டிருந்தவர்களிடம் பத்துப் பெட்டி வாங்கினேன். 'கோவில்பட்டி' என்று பெட்டியில் இருக்கிறது, தயாரித்த முகவரி வேறு மாவட்டம். மிட்டாயும் நமுத்துப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பணம் திரும்பக் கேட்கலாமா? (கோவை)

பதில்: கேளுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்த வட்டாரத்துக்கு வெளியே எங்கோ கிளறிவிட்டு அந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்க முடியாது. பெட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், ஒட்டிப்போன மிட்டாயையும் எடுங்கள், விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஏதாவது பெரிய தளம் வழியாக வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை பணம் அனுப்பும் முன்பே எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கேளுங்கள். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் பதிவு கட்டாயம், 'நாங்க சின்ன அளவுலதான் செய்யறோம்' என்பது பதில் ஆகாது. பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று மயங்காமல் நிகர எடையையும் பாருங்கள், பரிசுப் பெட்டிகளில் பாதி அட்டையும் ஜிகினாவும்தான்.

கேள்வி: அப்படியானால் நாங்கள் செய்வது நமுக்காமல் இருக்க எப்படிப் பேக் செய்வது? (சென்னை)

பதில்: ஐப்பசி மழையில்தான் தீபாவளி வருகிறது, வெல்லம் வேறு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுக்கும். முழுசாக ஆறியதும் உடைத்து, அப்போதே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். அழகான அட்டைப்பெட்டிதான் வேண்டும் என்றால் உள்ளே ஒரு ஜிப் கவர் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பதானால் உணவுக்கானது என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள், சின்னக் குழந்தைகள் உள்ள வீடென்றால் அதையும் தவிர்க்கலாம். பெட்டியின் மேல் ஒரு துண்டுச் சீட்டில் நிலக்கடலை, கொப்பரை, என்ன நிறம், செய்த தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்களா என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குக் கொடுப்பதற்குப் பொட்டுக்கடலையில் தனியாக ஒரு தட்டு போட்டுவிட்டால் இன்னும் நல்லது.