பாலிசித்தீமியா வேரா: அப்பாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா?

ஹீமோகுளோபின் 19, ஜாக்2 (இந்த நோயில் காணப்படும் மரபணு மாற்றம்) பாசிட்டிவ். சிகிச்சைக்காக ரத்தம் எடுக்க எடுக்க அப்பா சோர்ந்துபோகிறார், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். எலும்பு மஜ்ஜை கட்டுப்பாடில்லாமல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்வதுதான் இந்த நோய். இரும்பு குறைந்தால் உற்பத்தியும் குறையும். எரிகிற அடுப்பிலிருந்து விறகை இழுப்பது மாதிரி. மாத்திரை கொடுத்தால் இதுவரை எடுத்த ரத்தமெல்லாம் வீண். சோர்வு தாங்க முடியவில்லை என்றால் ரத்தநோய் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும் தேவையைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகள் இருக்கின்றன. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாகவே தருவார்கள்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினைவிட ஹீமட்டோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைக் கவனியுங்கள். அது 45 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45க்குக் கீழே வைக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்துகளும் இதயநோய் மரணங்களும் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தன. மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினையும் அதற்காகத்தான் விடக் கூடாது, பக்கத்து வீட்டார் என்ன சொன்னாலும்.

குளித்ததும் அரிக்கிறது என்றீர்களே, பாவம், சோப்பின் மேல் பழி போடாதீர்கள். இந்த நோயின் அடையாளமே அதுதான். வெந்நீரைத் தவிர்த்துப் பார்க்கட்டும்.

முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை திடீரென மரத்துப்போனாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.