கரீபியன் தீவில் இருக்கும் உறவினர் வீட்டிற்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் எந்தத் தீவு என்று குறிப்பிடவில்லை. எனக்கு நன்கு தெரிந்தது குவாதலூப் என்பதால் அதை வைத்தே பதில் எழுதுகிறேன். என் பெரியப்பா மகள் பாரிஸில் படித்த காலத்தில் தம்முடன் படித்த குவாதலூப்காரர் ஒருவரை மணந்து அங்கேயே குடியேறிவிட்டார். பாரிஸ் புறநகரில் வசிக்கும் நாங்கள், காரைக்காலிலிருந்து வந்திருந்த என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையில் அக்கா வீட்டிற்குச் சென்றோம்.

முதலில் விசா. குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கு யூரோதான் புழங்குகிறது. ஆயினும் அது ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்குள், வராது. இந்தியக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா பெற்று பிரான்சுக்கு வரும் பெற்றோர், அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக அங்கே செல்ல இயலாது; கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கென்று தனியே விசா பெற வேண்டும். ஊரிலிருந்து விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் பிற்பாடு அலைய வேண்டியிராது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து குவாதலூப்பின் புவந்த்-ஆ-பித்ர் நகருக்கு எட்டரை மணி நேரத்திற்கு மேல் பயணம். குளிர்காலத்தில் ஐந்து மணி நேர வித்தியாசம் இருப்பதால் குழந்தைகள் முதல் சில நாட்கள் விடியுமுன்பே எழுந்துவிடுவார்கள். உண்மையில் இது வசதிதான். அங்கே ஊரே விடியற்காலையில் விழித்துவிடுகிறது, மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது.

ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு. கரும்பு வெட்டும் பருவமும் அதற்குள்தான் வரும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 1989இல் ஹியூகோ புயல் செய்த சேதத்தைப் பற்றி அந்தத் தீவின் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டால், விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று செப்டம்பரில் செல்ல யாருக்கும் மனம் வராது.

தீவின் வடிவம் பட்டாம்பூச்சியைப் போன்றது என்று எல்லாப் பயண நூல்களிலும் இருக்கும். கிழக்குச் சிறகான கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல் சமவெளி. கரும்பும் வெண்மணல் கடற்கரைகளும் அங்கேதான். மேற்குச் சிறகான பாஸ்-தேர் மலையும் காடும் வாழைத் தோட்டங்களும் நிறைந்தது. அக்கா வீடு இந்தப் பக்கத்தில், காப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் இருக்கிறது. மழைக்கும் அருவிக்கும் பஞ்சமில்லாத அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் மட்டும் முறைவைத்து நிறுத்தப்படுகிறது. பழைய குழாய்களில் பாதித் தண்ணீர் ஒழுகிவிடுவதால் தீவெங்கும் இந்தத் தொல்லை உண்டு. விருந்தினர் அதிகமாக வந்து இறங்கும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல. குடங்களை நிரப்பி வைக்கும் வேலையைப் போனவுடனேயே நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளிக்கப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி இன்னும் மண்ணில் தங்கியிருப்பதால், வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு வகைகள் எதையும் அக்கா பயிரிடுவதில்லை. மாங்காயும் முருங்கைக்காயும் தாராளமாகப் பறித்தோம்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது உறவினர்களைப் பற்றித்தான். மாமாவின், அதாவது அக்கா கணவரின், முன்னோர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு தோட்ட முதலாளிகள் ஆள் தேடியபோது, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஒரேலி என்ற முதல் கப்பல் 1854 டிசம்பரில் புவந்த்-ஆ-பித்ர் வந்து சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர். அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களா, வாக்களிக்கலாமா என்ற வழக்கை அதே காப்பெஸ்தேர் ஊரைச் சேர்ந்த ஆன்ரி சிதம்பரம் 1904இலிருந்து நடத்தி, 1923இல்தான் உரிமையைப் பெற்றுத் தந்தார். ஆகவே, நாங்கள் 'இந்தியாவிலிருந்து வந்த சொந்தம்' என்பதால் ஏதோ மூத்தவர்கள் போல அங்கே நடந்துகொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்னரே சொல்லியிருந்தேன். மாமா வீட்டில் பேசுவது கிரியோல் என்ற தீவின் கலப்பு மொழியும் பிரெஞ்சும். தங்களைக் குவாதலூப்காரர்கள் என்றே எண்ணுகிறார்கள், அது சரியானதும்கூட.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் உறவினர்கள் நேர்த்திக்கடனுக்காக மாரியம்மனுக்குப் பூசை வைத்திருந்தார்கள். அக்காவின் மாமியார், கட்டம் போட்ட மதராஸ் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, விடியற்காலையிலேயே மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டார். தனியா, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு எல்லாம் சேர்ந்த அந்தப் பொடியில்தான் தீவின் புகழ்பெற்ற கொலம்போ குழம்பு ஆகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, என் அம்மாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. இருந்தும் எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் நல்ல வாக்குவாதம் நடந்தது. பூசை நடந்த இடத்தில் மாரியம்மனும் மதுரை வீரனும் இருந்தார்கள். அருகிலேயே நாகூர் மீரானுக்குக் கொடிமரம் நட்டுக் கொடி ஏற்றியிருந்தார்கள். நாகூர் அம்மாவுக்குப் பக்கத்து ஊர். சிறுவயதில் கந்தூரிக்குச் சென்றவர் என்பதால், மற்ற எதைப் பற்றியும் கேட்காமல் அந்தக் கொடியைப் பற்றியே பூசாரியிடம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்; மாமா மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். மேளத்தோடு பாடிய பாடல்கள் தமிழ்ப் பாடல்களே, பாடியவர்கள் பொருள் அறியாமல் செவிவழியாகக் காத்து வந்தவை. பிறகு கிடா வெட்டினார்கள். ஒரே வீச்சில் தலை விழுவதைப் பார்க்கச் சிறு குழந்தைகள் தயாராக இருப்பார்களா என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் இளையவளை அக்கா அந்த நேரத்தில் வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். பகல் உணவு வாழை இலையில்.

சுற்றிப் பார்ப்பதற்கு இடங்கள் நிறையவே உண்டு. கார்பே அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர் உயரமுடையது, பெரியவர்களும் நடந்து சென்று பார்க்கலாம். லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். அதற்கு அம்மா வரவில்லை. துருவா-ரிவியேர் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் லே சேந்த் தீவுகள். கடற்கரையில் தண்டில் சிவப்பு வண்ணம் பூசிய மரத்தைக் கண்டால் அதன் பழத்தைத் தொடவோ மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவோ கூடாது. அதன் பால் தோலைப் பொசுக்கிவிடும்.

எத்தனை நாள் தங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டு வாரத்திற்குக் குறைவாகச் செல்வதில் பொருளில்லை, ஆனால் முழுவதையும் உறவினர் தலையில் கட்டிவிடாமல் நடுவில் சில நாட்கள் கிராந்த்-தேர் பக்கம் அறை எடுத்துத் தங்குங்கள். அவர்களும் வேலைக்குச் செல்பவர்கள்தாமே. பேருந்தை நம்ப முடியாது, வாடகைக் கார் அவசியம். மளிகை விலை பாரிஸைவிடக் கூடுதல் என்பதால் கடைச் செலவில் பங்கு கொடுத்துவிடுவது நல்லது. அக்கா மறுத்தார், மாமியார் மறுக்கவில்லை. அன்பளிப்பாக என்ன கொண்டு செல்வது என்று முன்பே கேட்டுவிடுங்கள். எங்களிடம் அவர்கள் கேட்டவை விபூதி, குங்குமம், பித்தளைக் குத்துவிளக்கு. விதை, செடி, பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.