குளத்தங்கரை வெளிச்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். போன மாசம் ராத்திரி சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது தென்னந்தோப்புக்கு மேலே மஞ்சளாக ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் காணோம். டீக்கடையில் சொன்னால், 'இறங்கி வந்து போண்டா கேட்டுதா?' என்கிறார்கள். அமெரிக்க ராணுவம் இதையெல்லாம் விசாரித்துவிட்டு மறைத்துவிட்டதாமே, உண்மைங்களா? நம் விமானப்படைக்குத் தெரியாமலா இருக்கும்?

பெயர் வேண்டாம் என்று கேட்கும் ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அவர்களுடைய விமானப்படை 1952 முதல் 1969 வரை 'புளூ புக்' என்று ஒரு விசாரணை நடத்தியது. மொத்தம் 12,618 புகார்கள், அதில் 701க்கு விடை கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மறைத்ததும் உண்டு. தங்களுடைய ரகசிய யூ-2 உளவு விமானத்தைப் பார்த்துவிட்டு எழுதியவர்களுக்கு உண்மையான பதிலைச் சொல்ல முடியாமல் வேறு எதையோ சொல்லி அனுப்பினார்கள். எந்த ராணுவத்துக்கும் மேலே பறப்பது எவனுடையது என்பதுதான் கவலை. சூலூரா? நம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தை வைத்துக்கொண்டு வானத்தில் வெளிச்சம் பார்த்தேன் என்கிறீர்கள். சரி, விடுங்கள்.

கோபம் வந்தது வேறு இடத்தில். மணி எத்தனை? எந்தத் திசை? எவ்வளவு நேரம் நின்றது? போண்டா வரைக்கும் எழுதத் தெரிந்தவருக்கு இது மூன்றையும் எழுதத் தோன்றவில்லையே! லடாக் எல்லையில் நம் சிப்பாய்கள் 2012 ஆகஸ்டிலிருந்து ஆறு மாசம், அந்தக் குளிரில், ஏரிக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தை 329 தடவை குறித்துவைத்தார்கள். சீனாக்காரனின் டிரோன் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்ததில் அது வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. உடனே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் எழுதிவைத்திருந்ததால்தானே ஆளைப் பிடிக்க முடிந்தது?

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 1966இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஊர் ஊராக ஜனங்கள் சதுப்புக்கு மேலே வெளிச்சம் பார்த்தார்கள். விமானப்படை தன் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக்கை அனுப்பியது. அவர் சில நாளிலேயே பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, சதுப்பு வாயுவாக, அதாவது சேற்றில் இலைதழை அழுகி வரும் மீத்தேனாக, இருக்கலாம் என்றார். பார்த்தவர்களுக்கு அவமானமாகிவிட்டது. அந்த மாநிலத்து எம்.பி. ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே அவரேதான், நாடாளுமன்றமே விசாரிக்க வேண்டும் என்று கேட்டார்.

நானும் ஒரு ஹைனெக்காக இருந்திருக்கிறேன். எட்டாவது படிக்கும்போது எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், ராத்திரி குளத்தங்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. நான் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் மீத்தேன் படித்துவிட்டு வந்திருந்தேன். அழுகிய இலைதழையிலிருந்து வருகிற வாயு, படிக்காதவர்கள் பிசாசு என்பார்கள் என்று, பெரியவர்கள் நாலு பேர் இருக்கும்போது, சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர், "அப்படிங்களா சாமி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் சாகும்வரைக்கும் அவர் பார்த்தது எதையும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழையே இல்லை. குளம் வெடித்துக் கிடந்தது, நாங்கள் அதில்தான் பந்து விளையாடினோம். காய்ந்த குளத்தில் ஏது சதுப்பு வாயு? இது எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆனது. அப்போது அவர் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தீர்கள் அப்புச்சி, எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டீக்கடைக்காரர்களை விடுங்கள். அடுத்த முறை தண்ணீர் கட்டும்போது அதே வரப்பில் நின்று, எந்தத் தென்னைக்கு மேலே, எந்தத் திசை, மணி என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். போண்டா வேண்டாம்.