டிசி எர்த் ஃபால்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

எர்த் செய்யாமல் மிதக்கவிட்ட 110 வோல்ட் டிரிப்பிங் பேட்டரி (பிரேக்கரைத் திறக்கும் ரிலேக்களுக்கும் காயில்களுக்கும் டிசி தருவது) பற்றிய கேள்விகள் மட்டும். அதன் பிளஸ்ஸோ மைனஸோ எங்காவது எர்த்தைத் தொட்டால் அதுதான் எர்த் ஃபால்ட். 55 லெட் ஆசிட் செல், ஃப்ளோட்டில் (சார்ஜர் எப்போதும் இணைந்திருக்கும் நிலையில்) சுமார் 123 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூரோங் தம்பி: அண்ணே, எர்த் ஃபால்ட் விளக்கு எரியுது, ஆனா எல்லாம் ஓடுது. முதல்ல என்ன செய்ய?

எதையும் ஆஃப் செய்யாதீர்கள். மீட்டரை எடுத்து பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல சிஸ்டத்தில் இரண்டும் 61 வோல்ட் அளவில் நிற்கும். 4, 119 என்று வந்தால் வோல்டேஜ் சுருங்கிய பக்கத்தில்தான் ஃபால்ட். இங்கே அது பிளஸ்.

துவாஸ் வாசகர்: ஒரு எர்த்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

ஃபியூஸ் போகாது, அவ்வளவுதான். பிளஸ் ஏற்கெனவே எர்த் ஆகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் டிரெஞ்சுக்குள், ரிலே கான்டாக்டிலிருந்து பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயிலுக்குப் போகும் ஒயரின் தோல் உரிந்து, கேபிளைப் பிடிக்கும் உலோகக் கிளாண்டில் உரசுகிறது. இப்போது கரண்ட் முதல் எர்த் வழியாக வந்து காயிலுக்குள் ஏறிவிடும். ரிலேயில் ஒரு ஃப்ளாக்கும் (எது டிரிப் செய்தது என்று காட்டும் குறி) விழாமல் பிரேக்கர் திறக்கும். முதல் எர்த் மைனஸில் இருந்தால் இன்னும் மோசம்: அதே ஒயர் உரசினால் காயிலின் இரண்டு முனையும் மைனஸ். நிஜமாக ஃபால்ட் வரும்போது கான்டாக்ட் மூடும், டிசி ஷார்ட்டாகி ஃபியூஸ் போகும், பிரேக்கர் அசையாது. இரண்டாவது எர்த் வருவதற்குள் முதலாவதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு.

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்: எம்சிபியை (டிசி கிளை ஒவ்வொன்றுக்கும் உள்ள சின்ன பிரேக்கர்) ஒவ்வொன்றாகத் தட்டி, விளக்கு அணைகிறதா என்று பார்ப்பேன். என் காலத்தில் ஒன்றும் ஆனதில்லை.

உங்கள் காலத்து ரிலேக்கள் டிசி போனால் சும்மா இருந்தன ஐயா. இன்றைய, கம்ப்யூட்டர் போன்ற நியூமெரிக்கல் ரிலே மறுபடி பூட் ஆகி எழும்வரை அது காக்கும் லைனுக்குப் பாதுகாப்பே இல்லை. அண்டர்வோல்டேஜ் காயில் (வோல்டேஜ் போனாலே டிரிப் செய்வது) இருந்தால் பிரேக்கர் அந்த நொடியே விழும். ரிங்காக இரு பக்கமும் சப்ளை வரும் சர்க்யூட்டில் ஒரு பக்கத்தைத் தட்டினால் எர்த் அப்படியே நிற்கும். நீங்கள் அதை நல்லது என்று குறித்துவிட்டு நகர்வீர்கள்.

அதே சூப்பர்வைசர்: எர்த்தைத் தேட சிக்னல் அனுப்பும் டிரேசர் கருவி மட்டும் ஒழுங்கா? எந்த டிசி ஃபீடரில் (பேட்டரியிலிருந்து பிரியும் கிளை) கிளாம்ப் போட்டாலும் சிக்னல் காட்டுகிறது!

அது நியாயமான புகார். நீளமான கேபிளுக்கும் ரிலேக்குள் இருக்கும் ஃபில்டருக்கும் எர்த்தோடு கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஏசி சிக்னல் அதன் வழியாகவும் ஒழுகும். அதனால்தான் சில ஹெர்ட்ஸ் அளவிலேயே சிக்னல் அனுப்புகிறார்கள். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். லோட் கரண்ட் அடிபட்டு, எர்த்துக்கு ஒழுகுவது மட்டும் மிஞ்சும். அதிலும் ரெசிஸ்டிவ் பங்கைப் பிரித்துக் காட்டும் கருவியை நம்புங்கள். இன்ஜெக்‌ஷன் அளவைக் கூட்டினால் ரிலேயின் இன்புட்டே ஆன் ஆகிவிடலாம், ஜாக்கிரதை. கடைசிவரை கிடைக்காவிட்டால்தான் எம்சிபி. அதுவும் பெர்மிட் போட்டு, எல்இடபிள்யூ (உரிமம் பெற்ற மின்பணியாளர்) ஒப்புதலோடு.

அதே சூப்பர்வைசர்: இதற்கு மைனஸையே எர்த் செய்துவிடலாமே!

செய்தால் பிளஸ்ஸில் விழும் முதல் எர்த்துக்கே ஃபியூஸ் போகும். அந்த நேரத்தில் டிரிப் கட்டளை வந்தால்? இந்த வாதம் இதோடு போதும் ஐயா, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

செம்பவாங் வாசகர்: விடியற்காலை அலாரம் வருகிறது, மதியம் தானாகப் போய்விடுகிறது.

சுமத்ரா காற்றோடு மழை அடித்த அன்றா என்று பாருங்கள். வெளியே இருக்கும் மார்ஷலிங் பாக்ஸை (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) திறந்தால் கேஸ்கெட் இறுகிப்போய், ஹீட்டர் செத்து, டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். ஈரம் காய்வதற்குள் அளந்துவிடுங்கள்.

பாசிர் பாஞ்சாங் தம்பி: எல்லா ஃபீடரும் எடுத்தாச்சு, எர்த் போகலண்ணே.

பேட்டரியும் சார்ஜரும்தான் பாக்கி. செல் மேல் ஆசிட் கசிந்து ரேக் வரை ஈரக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழு எர்த் என்றால் வோல்டேஜே இடம் சொல்லும்: மைனஸுக்கும் எர்த்துக்கும் 40 என்றால், மைனஸிலிருந்து சுமார் 18ஆவது செல் அருகே.

பெயரிடாதவர்: 61, 61 வருகிறது. எர்த் இல்லை என்று எழுதலாமா?

கூடாது. இரண்டு பக்கமும் சம அளவில் ஒழுகினாலும் அப்படித்தான் காட்டும்.

மூன்று பேர்: மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) போடலாமா?

ரிலே இணைப்பில் இருக்கும்போது 500 வோல்ட் மெகரா? கூடாது. மூவருக்கும் இதே பதில்.

டெலிகாம் வாசகர்: எங்கள் 48 வோல்ட்டில் பிளஸ் எப்போதும் எர்த்!

அங்கே வேண்டுமென்றே எர்த் செய்திருப்பார்கள். உங்கள் டெலிகாம் ஆட்களிடம் கேளுங்கள்.