டிவிக்கு அளவெடுத்துக் குழி விடலாமா?

கேள்வி: வரவேற்பறைச் சுவர் முழுவதும் மரவேலை செய்து, நடுவில் எங்கள் 55 அங்குல டிவியை இடைவெளியே தெரியாமல் பதிக்க விரும்புகிறோம். சோபா சுவரிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. தச்சர் அளவு கேட்கிறார். எவ்வளவு அகலத்தில், எந்த உயரத்தில் குழி விடச் சொல்வது?

பதில்: இடைவெளியே தெரியக் கூடாது என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நல்ல பிளைவுட்டில் செய்த மரவேலை, அதனுள் இருக்கும் டிவியைவிட நெடுங்காலம் உழைக்கும். நாளை வாங்கும் புது டிவியும் 55 அங்குலமாகவே இருந்தாலும், அதன் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் இறுக்கமான குழிக்குள் நுழையாது. வெப்பம் வெளியேற வழி இல்லாமல் அடைத்து வைப்பதும் டிவிக்குக் கேடு.

55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ., உயரம் 69 செ.மீ.; 65 அங்குலமானால் 144, 81. பத்தடி தூரத்திலிருந்து பார்க்க 65 அங்குலம் சிறிதும் மிகையல்ல என்பதால், அதையே கணக்கில் கொண்டு, சுற்றிலும் 10 செ.மீ. காற்றோட்டம் விட்டு, 165 செ.மீ. அகலமும் 105 செ.மீ. உயரமும் உள்ள திறப்பாக விடச் சொல்லுங்கள். பின்பலகைக்கு அடர்நிற, பளபளப்பில்லாத லேமினேட் ஒட்டினால், இப்போதைய டிவியைச் சுற்றி மிஞ்சும் இடம் கண்ணை உறுத்தாது.

உயரத்தை அழகுக்காக முடிவு செய்யாதீர்கள். உங்கள் சோபாவில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து கண் வரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 100 முதல் 110 செ.மீ. வரும். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தில் இருக்கட்டும். அதைவிட மிக உயர்த்தி மாட்டினால், ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒயரிங்கைத்தான், ஏனெனில் பலகை ஏறிய பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. பிளக் பாயின்ட்டைச் சுவருக்குள் சற்றே புதைத்து வைத்தால்தான் பிளக் டிவியை முன்னால் தள்ளாது. டிவியின் பின்புறத்திலிருந்து செட்டாப் பாக்ஸ் இருக்கும் கீழ்த்தட்டு வரை 50 மி.மீ. குழாய் ஒன்றை, கூர்மையான வளைவு இல்லாமல் பதித்து, உள்ளே ஒரு இழுகயிற்றையும் விட்டுவையுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை மாற்ற நேர்ந்தால் எதையும் உடைக்க வேண்டியிருக்காது. மின்கம்பிக்குத் தனிக் குழாய் வேண்டும். செட்டாப் பாக்ஸ் தட்டுக்கு மூடிய கதவு வைத்தால் பெரும்பாலும் ரிமோட் வேலை செய்யாது. இடைவெளி விட்ட சட்டங்களாலான கதவோ திறந்த தட்டோ போதும்.

டிவியை மாட்டும் பிராக்கெட்டின் திருகுகள் அலங்காரப் பலகையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. சுவரிலேயே உறுதியாகப் பிடித்த 18 மி.மீ. பிளைவுட்டில் அவை இறங்க வேண்டும்.

தச்சர் வேலையைத் தொடங்கும் முன், 65 அங்குல அளவில் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று மாலைகள் அதன் எதிரே உட்கார்ந்து பாருங்கள். எதிர்ப்பக்க ஜன்னலின் வெளிச்சம் அந்த இடத்தில் விழுந்தால், திரைச்சீலைக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடலாம்.