ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகளும் காடு, ஆறு, மீன்வளத்தை எப்படிச் சேர்ந்து காக்கின்றன? ஒரு நாடு முடியாது என்றால் என்ன ஆகும்?

முடியாது என்று சொல்லும் நாட்டின் மீது வழக்குப் போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் விதிக்க முடியும். நான் வசிக்கும் போலந்திலேயே இது நடந்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போலந்தின் கிழக்கு எல்லையில், பெலாரஸ் நாட்டோடு ஒட்டி, பியாவோவியேஜா என்று ஒரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சமவெளி முழுக்கப் பரவியிருந்த பழங்காட்டின் மிச்சம் அது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிருந்த கடைசிக் காட்டெருமையையும் (பைசன்) வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். உயிரியல் பூங்காக்களில் எஞ்சியிருந்த சிலவற்றிலிருந்து இனத்தைப் பெருக்கி, 1952-ல் மறுபடி காட்டில் விட்டார்கள். 2018-ல் வேலைக்காக வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்த நான், அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தக் காட்டைப் பார்க்கப் போனேன். கடுமையாகக் காக்கப்படும் பகுதிக்குள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டி அம்மா உயிருள்ள மரங்களைவிட விழுந்து கிடக்கும் மரங்களைத்தான் அதிகம் காட்டினார். பாசி, காளான், வண்டு, அந்த வண்டைத் தின்ன வரும் மரங்கொத்தி என்று ஒரு பட்ட மரத்தில் அத்தனை உயிர். நம் ஊரில் பட்ட மரம் என்றாலே விறகு என்றுதான் நினைத்து வளர்ந்தேன். அன்றைக்குத்தான் அந்த நினைப்பு மாறியது.

வழக்கே அந்தப் பட்ட மரங்களைப் பற்றியதுதான். பியாவோவியேஜா வனச்சரகத்தில் 2012 முதல் 2021 வரை, பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்து, சுமார் 63,000 கன மீட்டர் மரம் வெட்டலாம் என்று திட்டம் இருந்தது. 2016 மார்ச்சில் அரசு அதை 1,88,000 கன மீட்டராக உயர்த்தியது. ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டைவண்டு தாக்குகிறது, வெட்டாவிட்டால் காடே போய்விடும் என்பது அரசு சொன்ன காரணம். போலந்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் அனுப்பின. 2017-ல் பெரிய அறுவடை இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்கின. இளைஞர்கள் அந்த இயந்திரங்களில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு மறித்தார்கள். ஜூலையில் ஆணையம் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களிலேயே வெட்டுவதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது.

அரசு நிறுத்தவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக்காக வெட்டுகிறோம் என்று சொல்லித் தொடர்ந்தது.

நவம்பர் 20 அன்று நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் இயந்திரங்கள் வெளியேறின. 2018 ஏப்ரல் 17-ல் இறுதித் தீர்ப்பும் போலந்துக்கு எதிராகவே வந்தது. பட்ட மரங்களையும் பட்டுக்கொண்டிருக்கும் மரங்களையும் அகற்றுவதே இந்தக் காட்டுக்கு ஆபத்து என்று போலந்தின் சொந்த 2015 மேலாண்மைத் திட்டமே குறித்திருந்தது. நீதிமன்றம் அதையே எடுத்துக்காட்டியது.

இதற்கெல்லாம் அடித்தளம் இரண்டு சட்டங்கள். 1979-ல் பறவைகளுக்கான ஆணைச்சட்டம் வந்தது. அப்போது உறுப்பு நாடுகள் ஒன்பதுதான். வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவையைத் தெற்கே வலை வைத்துப் பிடித்தால் வடக்கில் எத்தனை சட்டம் போட்டும் பயனில்லையே, அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டார்கள். 1992-ல் வாழிடங்களுக்கான சட்டம் வந்தது. இரண்டும் சேர்ந்து உருவாக்கிய வலையமைப்புக்கு நேச்சுரா 2000 என்று பெயர். இன்று 27,000-க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் இருக்கின்றன. ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 18 சதவீதம்.

இவையெல்லாம் வேலி போட்ட தேசியப் பூங்காக்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே ஊர் இருக்கும், வயல் இருக்கும், மாடு மேயும். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது: அந்த இடத்தைப் பாதிக்கக்கூடிய எந்தத் திட்டமானாலும் முதலில் ஆய்வு செய்ய வேண்டும், கெடுதல் இல்லை என்று உறுதியானால்தான் அனுமதிக்கலாம். பொதுநலன் கருதி விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கு வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும், இழப்பை ஈடு செய்ய வேண்டும். ஆய்வைச் சரியாகச் செய்யாமல் வெட்டியதுதான் போலந்து செய்த தவறு.

இன்னொன்றும் முக்கியம். ஆணையத்துக்குப் புகார் அனுப்ப வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் வேண்டாம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். உள்ளூரில் கேட்க ஆள் இல்லாத ஒருவருக்கு வெளியே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

சரி, எல்லாம் நன்றாக நடக்கிறதா? இல்லை. மேலே சொன்ன கணக்கையே பாருங்கள். 2016 மார்ச்சில் அரசு முடிவெடுத்தது, அபராத எச்சரிக்கை 2017 நவம்பரில் வந்தது. இடையில் 20 மாதம். இவ்வகை வழக்குகளில் இதுவே வேகம் என்கிறார்கள். அதற்குள் வெட்டிய மரம் வெட்டியதுதான். அப்புறம், காட்டின் மறுபாதி பெலாரஸில் இருக்கிறது, அங்கே இந்தச் சட்டம் செல்லாது. அகதிகள் வருவதைத் தடுக்க 2022-ல் போலந்து எல்லையில் 186 கிலோமீட்டருக்கு எழுப்பிய ஐந்தரை மீட்டர் உயர வேலி இந்தக் காட்டையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. லின்க்ஸ் பூனைக்கும் காட்டெருமைக்கும் அது என்ன செய்யும் என்று அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். ஒன்றியத்தின் சட்டத்தால் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆற்று விஷயம் எனக்கு இன்னும் நெருக்கமானது. எங்கள் ஊரான வ்ரோத்ஸ்வாஃப் வழியாக ஓடும் ஓடர் ஆறு, கீழே போய் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாகிறது. 2000-ல் வந்த நீர்ச் சட்டம், நாட்டெல்லை பார்க்காமல் ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாக நிர்வகிக்கச் சொல்கிறது. ஓடருக்கென்று போலந்து, ஜெர்மனி, செக் மூன்றும் சேர்ந்த ஆணையமே உண்டு. அதன் செயலகம் எங்கள் ஊரில்தான். இருந்தும் 2022 கோடையில் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. சுரங்கக் கழிவுநீரால் உப்பேறிய தண்ணீர், வெயில், குறைந்த நீரோட்டம் எல்லாம் கூடி, பொன்னிறப் பாசி என்று சொல்லும் நச்சுப் பாசி பெருகியதே காரணம். ஒன்றியத்தின் ஆய்வு மையம் சுமார் 360 டன் மீன் செத்ததாகக் கணக்கிட்டது. ஜூலை கடைசியிலேயே எங்கள் ஊருக்குச் சற்று மேலே, ஆறு வரும் பக்கத்தில், செத்த மீன்களைப் பார்த்துவிட்டார்கள். ஆகஸ்டில் தங்கள் கரையில் மீன் ஒதுங்கும்வரை முறையான தகவல் வரவில்லை என்று ஜெர்மன் தரப்பு சொன்னது. அந்த மாதம் நாங்கள் மாலை நடையையே வேறு பக்கம் மாற்றிக்கொண்டோம். மீன்பிடிப்பவர்கள் கரையில் நின்று, செத்த மீன்களை வாளி வாளியாக அள்ளியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஓடர் ஆணையமும் சட்டமும் இருந்தன. தொலைபேசியை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் உரிய நேரத்தில் சொல்லவில்லை.

கடல் மீன் வேறு கதை. கடல்வளப் பாதுகாப்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தை நாடுகள் முழுமையாக ஒன்றியத்திடமே விட்டுவிட்டன. எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அறிவியலாளர்கள் சொல்லும் அளவைவிட அதிகமாகவே பல ஆண்டுகள் கொடுத்தார்கள். பால்டிக் கடலின் கிழக்குப் பகுதியில் காட் மீன் அந்த அளவுக்குக் குறைந்துபோய், 2019-ல் அவசரத் தடை போட வேண்டியதாயிற்று. தடை வந்தும் மீன் இன்னும் மீளவில்லை.

ஒரு நாடு மட்டும் எதிர்த்தால் எல்லாம் நின்றுவிடுமா என்றும் கேட்கலாம். சுற்றுச்சூழல் விஷயங்களில் பெரும்பாலும் நிற்காது, பெரும்பான்மை போதும். 2024 ஜூன் 17-ல் இயற்கை மீட்புச் சட்டம் அப்படித்தான் தப்பியது. ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதத்தைக் கொண்ட நாடுகள் ஆதரிக்க வேண்டும். 20 நாடுகள் சேர்ந்து 66.07 சதவீதம் வந்தது. தன் நாட்டுப் பிரதமர் கூடாது என்று சொல்லியும் ஆஸ்திரியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் ஆதரவாக வாக்களித்ததால்தான் அந்த எண்ணிக்கை கிடைத்தது. ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் 20 சதவீதத்திலாவது 2030-க்குள் மீட்புப் பணி நடக்க வேண்டும் என்கிறது சட்டம். போலந்து எதிர்த்து வாக்களித்தது, ஆனாலும் சட்டம் போலந்தையும் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு நாடும் தன் திட்ட வரைவைக் கொடுக்க 2026 செப்டம்பர் 1 கடைசி நாள். போலந்தின் வரைவில் நான் முதலில் தேடப்போவது ஓடரைப் பற்றிய பக்கங்களைத்தான்.